எல்லாம் கச்சிதமாக இருந்தாக வேண்டுமா? பெருங்குடி டீம் லீடுக்கு ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 34. பெருங்குடியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டீம் லீட். நான்கு வரி மெயில் அனுப்ப அரை மணி நேரம் ஆகிறது. அனுப்பிய பிறகும் சென்ட் ஃபோல்டரைத் திறந்து மறுபடி படிக்கிறார். ஜூனியர் எழுதிக் கொடுத்த புரோகிராம் கோடை ராத்திரி உட்கார்ந்து தானே மாற்றி எழுதிவிடுகிறார். போன மாதம் அந்த ஜூனியர், "அக்கா, நான் என்ன செஞ்சாலும் நீங்க மறுபடி பண்ணிடறீங்க. நான் வேற டீமுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டார். அப்ரைசலில் வேலைத் தரத்துக்கு நல்ல பெயர், "பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பதில்லை" என்று ஒரு குறை. இவர் கேட்பது மூன்று. இது நல்ல குணமா, நோயா? இதை விட்டால் என் தரம் இறங்கிவிடாதா? மேனேஜரிடம் சொல்லலாமா?

நான் மனநல ஆலோசகர். சாயங்காலம் என்னிடம் வருபவர்களில் ஓ.எம்.ஆர். ஐ.டி. ஆட்கள் அதிகம். ஆடிட்டர்கள், டாக்டர்கள், பேங்க் அதிகாரிகளும் வருகிறார்கள். "எனக்குப் பெர்ஃபெக்‌ஷனிசம்" என்று, அதாவது எல்லாம் கச்சிதமாக இருந்தே ஆக வேண்டும் என்ற பித்து என்று, சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, ஞாயிறு மதியம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது என்றுதான் வருவார்கள். பேசப் பேச இது வெளியே வரும். நீங்கள் நேராகவே கேட்டுவிட்டீர்கள், பாதி வேலை மிச்சம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். நல்ல குணமும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் ஒட்டிக்கொண்டு வருவதால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பிரிவினையை ரொம்ப காலமாகச் செய்துவருகிறார்கள். டான் ஹாமசெக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1978-லேயே ஆரோக்கியமான வகை, வதைக்கும் வகை என்று இரண்டாகப் பிரித்தார். இப்போது பெரும்பாலானோர் ஒத்துக்கொள்வது இப்படி: ஒரு பக்கம் முயற்சி, அதாவது உயர்ந்த அளவுகோலை வைத்துக்கொண்டு அதற்காக உழைப்பது. இன்னொரு பக்கம் கவலை, அதாவது தப்பு வந்துவிடுமோ, மற்றவர்கள் என்ன நினைப்பார்கள், செய்தது சரியா என்ற ஓயாத சந்தேகம். முதலாவது அளவோடு இருந்தால் பெரிய கேடு செய்வதில்லை. இரண்டாவதுதான் ஆளைத் தின்கிறது. ஆண்ட்ரூ ஹில்லும் தாமஸ் கரனும் 2016-ல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வேலையில் கருகிப்போவதோடு (பர்ன் அவுட்) கைகோத்து நிற்பது இந்தக் கவலைப் பக்கம்தான் என்று தெரிந்தது. விளையாட்டிலும் படிப்பிலும் இருப்பதைவிட வேலை செய்யும் இடத்தில் அந்தப் பிணைப்பு இன்னும் கெட்டியாக இருந்தது.

உங்களிடம் எது எவ்வளவு என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வேலை நன்றாக முடிந்த அன்று என்ன ஆகிறது என்று கவனியுங்கள். தப்பு வந்த நாளில் எல்லோருக்கும்தான் வலிக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ரிலீஸ் சுத்தமாகப் போய்விட்டது, கிளையன்ட் பாராட்டி மெயில் போட்டாயிற்று. அன்று சாயங்காலம் மனசு நிறைகிறதா? அல்லது "இது சுலபமான ரிலீஸ், யார் செய்திருந்தாலும் போயிருக்கும்" என்று தோன்றி, அடுத்த கவலை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறதா? ராஸ் ஷஃப்ரான், ஸாஃப்ரா கூப்பர், கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் மூவரும் 2002-ல் எழுதிய கட்டுரையில் இதை அழகாகப் பிடித்திருக்கிறார்கள். அளவுகோலைத் தொடாவிட்டால் "நான் லாயக்கில்லை". தொட்டுவிட்டாலோ "அளவுகோல் போதவில்லை", உடனே அதை உயர்த்திவிட வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் தோல்விதான் கணக்கில் ஏறும். தன் மதிப்பு முழுவதையும் இந்த ஒன்றின் மேல் ஏற்றி வைத்து, உடம்பும் உறவும் கெட்டாலும் விட முடியாமல் இருப்பதைத்தான் அவர்கள் சிகிச்சை தேவைப்படும் நிலை என்கிறார்கள்.

பெர்ஃபெக்‌ஷனிசம் என்பது நோய்ப் பட்டியலில் தனி நோயாக இல்லை. பல நோய்களுக்கு வழி போட்டுக் கொடுக்கும் ஒரு போக்கு, அவ்வளவுதான். இதோடு இன்னொன்று. ஆபீஸில் எல்லோரும் சிரித்துக்கொண்டே "எனக்கு ஓ.சி.டி." என்கிறார்களே, அது வேறு சங்கதி. ஓ.சி.டி.யில் வேண்டாத எண்ணங்கள் தாமாக வந்து மோதும். அந்த ஆளுக்கே அது அர்த்தமில்லை என்று பெரும்பாலும் தெரியும், ஆனாலும் கை கழுவாமல், சரிபார்க்காமல் இருக்க முடியாது. கச்சிதப் பித்து பிடித்தவருக்கோ தான் செய்வதுதான் சரி, மற்றவர்கள்தான் அலட்சியம் என்று தோன்றும். அதனால்தான் உதவி கேட்டு வருவதற்கு இவ்வளவு வருஷம் ஆகிறது.

இந்தப் பித்தில் எல்லோருக்கும் ஒரே அச்சு கிடையாது. பால் ஹெவிட்டும் கோர்டன் ஃப்ளெட்டும் 1991-ல் மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் எதிர்பார்ப்பது, மற்றவர்களிடம் எதிர்பார்ப்பது, மற்றவர்கள் தன்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வது. நம் ஊரில் நான் அதிகம் பார்ப்பது மூன்றாவது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்கள் நாற்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதில்களைக் கரனும் ஹில்லும் ஆராய்ந்தார்கள். 1989-க்கும் 2016-க்கும் நடுவில் மூன்று வகையும் ஏறியிருந்தன. அதில் மூன்றாவதுதான் அதிகம், 33 சதவீதம். அது அந்த நாடுகளின் கணக்கு. அங்கேயே அப்படி என்றால், பிளஸ் டூ ரிசல்ட் அன்று தெருவே வந்து மார்க் கேட்கும் ஊரில் வளர்ந்தவர்களைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இதை "என் சுபாவம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வயதுக்காரர்கள் படித்த காலத்தில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவித்து, பேப்பரில் போட்டோ போட்டு, லட்டு ஊட்டுவதைக் காட்டுவார்கள். பள்ளிக்கல்வித் துறை 2017-ல்தான் அந்த ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். அதில் கால் மார்க், அரை மார்க் குறைந்தாலே ரேங்க் எங்கோ போய்விடும், கிடைக்கும் காலேஜே மாறிவிடும். 98 வாங்கிக்கொண்டு வந்த பிள்ளையிடம் "மீதி ரெண்டு எங்கே?" என்று கேட்ட அப்பாக்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. அந்த ரெண்டுக்கு அன்றைக்கு உண்மையிலேயே விலை இருந்தது. வீட்டில் ஒருத்தர் படித்து மேலே வந்தால்தான் குடும்பம் மேலே வரும் என்ற நிலைமையும் பலருக்கு இருந்தது. ஆக, அன்றைக்கு அந்தப் பயம் உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. பிரச்சினை என்னவென்றால் ஆபீஸ் பரீட்சை ஹால் இல்லை. இங்கே எல்லாத் தாளும் ஒரே எடை கிடையாது. பாதித் தாளை யாரும் திருத்துவதே இல்லை.

எல்லாப் பழியையும் வளர்ப்பின் மேல் போடவும் எனக்கு மனசில்லை. கம்பெனிகள் இதில் நன்றாகவே குளிர்காய்கின்றன. ராத்திரி பதினோரு மணிக்கு பி.பி.டி.யில் கட்டங்களை ஒரே கோட்டில் நிறுத்திக்கொண்டிருக்கும் ஆளை டவுன்ஹாலில் மேடையேற்றிக் கை தட்டுவார்கள். கிளையன்ட் பக்கமிருந்து ஒரு எஸ்கலேஷன், அதாவது மேலிடத்துக்குப் புகார், வந்தால் யார் செய்தது என்றுதான் முதல் கேள்வி வரும், எப்படி நடந்தது என்பது அப்புறம். எல்லோரையும் வரிசைப்படுத்தி மதிப்பிடும் பெல் கர்வில் யாரையாவது கீழே தள்ளியாக வேண்டும் என்கிற இடத்தில், தப்புக்குப் பயப்படாதே என்று ஒருவருக்கு உபதேசம் செய்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பெண்களுக்கு இன்னொரு ஷிப்ட் வீட்டில் காத்திருக்கிறது. சிங்க் நிறையப் பாத்திரம் கிடந்தால் "வேலைக்குப் போறவ வீடு இப்படித்தான்" என்று சொல்ல ஒரு உறவு எப்போதும் இருக்கும். அங்கேயும் கச்சிதம், இங்கேயும் கச்சிதம்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. விட்டால் தரம் இறங்கிவிடாதா? வருகிற எல்லோரும் கேட்பது இதைத்தான்.

பயப்படும் அளவுக்கு ஆதாரம் இல்லை. 2018-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு வேலை செய்பவர்களைப் பற்றிய 95 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் ஏறத்தாழ 25,000 பேர். கச்சிதப் பித்து உள்ளவர்கள் அதிக நேரம் உழைக்கிறார்கள், வேலையில் அதிக ஈடுபாடு காட்டுகிறார்கள். கூடவே மன அழுத்தம், பதற்றம், கருகிப்போவது எல்லாம் அதிகம். வேலையின் பலனில் மட்டும் மற்றவர்களைவிடச் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதாவது கொடுக்கும் விலை நிஜம், வாங்கும் பொருள்தான் கண்ணில் படவில்லை.

ஏன் இப்படி? கச்சிதப் பித்து உழைப்பை எல்லா இடத்திலும் சமமாகப் பூசிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குப் போய்ப் பார்க்கலாம். ஒரு ஷாஃப்ட் செய்ய டிராயிங் வந்திருக்கும். பேரிங் உட்காரும் இடத்தில் டாலரன்ஸ், அதாவது எவ்வளவு பிசகலாம் என்ற அளவு, மைக்ரான் கணக்கில் போட்டிருப்பார்கள். அங்கே கொஞ்சம் பிசகினாலும் பேரிங் சூடாகும், அல்லது ஏறவே ஏறாது. அதே ஷாஃப்டின் மறுமுனை வெறுமனே ஒரு மூடிக்குள் நிற்கும். அங்கே அரை மில்லிமீட்டர் அப்படி இப்படி இருக்கலாம் என்று அதே தாளில் எழுதியிருக்கும். அனுபவப்பட்ட டர்னர் முதல் இடத்துக்கு மைக்ரோமீட்டர் எடுப்பார், கிரைண்டிங்குக்கு அனுப்புவார். இரண்டாவது இடத்தை ஒரு கட் ஓட்டி விட்டுவிடுவார். யாராவது மறுமுனையையும் கிரைண்டிங் போட்டுப் பளபளவென்று கொண்டுவந்தால் முதலாளி பாராட்ட மாட்டார். மெஷின் நேரம் போச்சு, கூலி போச்சு, அடுத்த வேலை நிற்கிறது என்று திட்டுவார். இத்தனைக்கும் அந்தப் பட்டறையின் தரத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. எங்கே எவ்வளவு பிழை தாங்கும் என்பது வேலை தொடங்குவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தாளையும் டர்னர் எழுதுவதில்லை, டிசைன் செய்தவர் எழுதுகிறார்.

பொறுப்பான எந்தத் தொழிலிலும் இப்படி ஒன்று இருக்கும். ஆடிட்டர்களுக்கு எஸ்.ஏ. 320 என்று ஒரு தரநிலை இருக்கிறது. கணக்கைத் தொடுவதற்கு முன்பே, எந்தத் தொகைக்கு மேல் பிழை இருந்தால் அது படிப்பவரின் முடிவை மாற்றும் என்று அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். லாப நோக்குள்ள உற்பத்தி நிறுவனத்துக்கு வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதம் என்பது அந்தத் தரநிலையிலேயே உதாரணமாக வரும். ஒவ்வொரு வவுச்சரையும் பார்ப்பேன் என்று உட்காரும் ஆர்ட்டிகிள் பையனை, அதாவது பயிற்சியில் இருப்பவரை, சீனியர் எழுப்பிவிடுவது சோம்பேறித்தனத்தால் இல்லை. உங்கள் துறையிலேயே பாருங்கள். சர்வீஸ் 99.9 சதவீத நேரம் ஓட வேண்டும் என்று இலக்கு வைத்தால், முப்பது நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் படுத்துக்கிடக்க அனுமதி என்று அர்த்தம். கூகுளின் சிஸ்டம் பொறியாளர்கள் இதற்கு எரர் பட்ஜெட் என்று பெயர் வைத்தார்கள். அந்த 43 நிமிடத்தைச் செலவழிக்கவே கூடாது என்று அவர்கள் சொல்வதில்லை. பட்ஜெட் மிச்சம் இருந்தால் புது அம்சங்களைத் தைரியமாக வெளியே விடலாம், தீர்ந்துவிட்டால் நிறுத்தி வைத்து நிலைப்படுத்தும் வேலையைப் பார்க்க வேண்டும். சிஸ்டத்துக்கு இவ்வளவு பெருந்தன்மை காட்டும் நீங்கள், நான்கு வரி மெயிலுக்கு நூறு சதவீத இலக்கு வைத்திருக்கிறீர்கள்.

"ஆபரேஷன் செய்யும் டாக்டர் இப்படிப் பேச முடியுமா?" என்று அடுத்த கேள்வி வரும். அங்கேயும் தனி மனிதனின் கச்சிதத்தை நம்பி யாரும் இருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. நோயாளியின் பெயர் என்ன, எந்தப் பக்கம், ஆன்டிபயாட்டிக் கொடுத்தாயிற்றா, பஞ்சும் ஊசியும் எண்ணியாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்பது, அவ்வளவுதான். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. எவ்வளவு கெட்டிக்கார சர்ஜனும் மறப்பார் என்று ஒத்துக்கொண்டு செய்த ஏற்பாடு அது. தப்பே செய்யாத ஆளாகத் தெரிய வேண்டும் என்று இருப்பவர் தப்பு நடந்ததும் அதை மூடி மறைக்கத்தான் பார்ப்பார். ஆஸ்பத்திரியாக இருந்தாலும் புரொடக்‌ஷன் சர்வராக இருந்தாலும், மறைக்கப்பட்ட தப்புதான் பெரிதாக வெடிக்கும்.

ஆகவே தரத்தை இறக்கச் சொல்லவில்லை. எதற்கு எவ்வளவு என்று வேலையைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யச் சொல்கிறேன். தொடங்கிய பிறகு முடிவு செய்தால் பயம்தான் முடிவு செய்யும். நடைமுறையில் இதைச் செய்ய ஒரு துண்டுச் சீட்டு போதும். இதை யார் படிப்பார்கள், பிழை வந்தால் அதிகபட்சம் என்ன ஆகும், அதைப் பிறகு திருத்த முடியுமா, எவ்வளவு நேரம் தருவேன். டீமுக்குள் போகும் மெயிலில் எழுத்துப்பிழை வந்தால் ஒன்றும் ஆகாது, திருத்தவும் முடியும்: ஐந்து நிமிடம், ஒரு தடவை படிப்பது. கிளையன்டின் டேட்டாபேஸில் ஓடப்போகும் ஸ்கிரிப்ட் என்றால் திருப்ப முடியாது. அதற்கு அரை நாள் எடுங்கள், இன்னொருவரைக் கூட உட்கார வையுங்கள். அங்கே கவனமாக இருப்பதற்கு யாரும் நோய் என்று பெயர் வைக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்ததும் கலர் கலராக எக்ஸல் ஷீட் போட்டு, எல்லா வேலைக்கும் டாலரன்ஸ் வகுத்து, திங்கட்கிழமை முதல் முழுமையாகக் குணமாகிவிடுவது என்று திட்டம் போட உங்கள் கை துறுதுறுக்கும். எனக்குத் தெரியும். வேண்டாம். ஒரே ஒரு வகை வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கணிப்பில் அது சென்ட் ஃபோல்டராக இருக்கட்டும். அங்கே என்ன நடக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். அனுப்பு பட்டனை அமுக்கியதும் ஒரு குறுகுறுப்பு. "டியர்" போட்டோமா "ஹாய்" போட்டோமா? அட்டாச்மென்ட் பழையதோ? திறந்து பார்க்கிறீர்கள், எல்லாம் சரி. நெஞ்சு அடங்குகிறது. பத்து நிமிடத்தில் மறுபடி: அந்த மூன்றாவது வரி கொஞ்சம் கறாராக இருந்ததோ? மறுபடி திறக்கிறீர்கள். பார்த்தால் நிம்மதி வரும் என்று மூளை கற்றுக்கொள்கிறது. பார்க்காவிட்டால் ஆபத்து என்றும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. நெதர்லாந்தில் மார்செல் வான் டென் ஹௌட், மெரெல் கின்ட் இருவரும் 2003-ல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. ஒரு குழு அதை மறுபடி மறுபடி அணைத்துச் சரிபார்த்தது, இன்னொரு குழு வேறு எதையோ சரிபார்த்தது. கடைசியாக எந்த பர்னரைப் பார்த்தோம் என்ற ஞாபகம் இரண்டு குழுவுக்கும் சரியாகவே இருந்தது. ஆனால் அடுப்பையே திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்குத் தங்கள் ஞாபகத்தின் மேல் இருந்த நம்பிக்கை சரிந்துவிட்டது, காட்சியும் மங்கிவிட்டது. கேஸை அணைத்தோமா என்று மூன்று தடவை பார்த்துவிட்டு வந்தவர் லிஃப்டில் நின்று யோசிப்பதன் ரகசியம் இதுதான். சரிபார்க்கச் சரிபார்க்கச் சந்தேகம் வளரும்.

அதனால் முதல் வேலை: டீமுக்குள் போகும் மெயில்களை அனுப்பும் முன் ஒரு தடவை படியுங்கள், அனுப்பிய பின் திறக்காதீர்கள். திறக்காமல் இருக்கும்போது என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். "இதில் பிழை இருக்கும், மேனேஜர் கவனிப்பார், என்னை அலட்சியமானவள் என்று நினைப்பார்" என்று எழுதினால், அது எத்தனை சதவீதம் நடக்கும் என்றும் பக்கத்தில் ஒரு எண் போடுங்கள். வாரக் கடைசியில் எடுத்துப் பாருங்கள். இதுதான் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் செய்யும் பரிசோதனை. நம்பிக்கை வரட்டும் பிறகு செய்கிறேன் என்று காத்திருந்தால் நடக்காது. குறுகுறுப்போடுதான் செய்ய வேண்டும், அது தானாக இறங்குவதை உடம்பு ஒரு நாலு தடவை பார்த்தாக வேண்டும். சில நாள் நிஜமாகவே பிழை இருக்கும். நல்லதுதான். பிழை இருந்தும் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தேவையான தகவல். வேண்டுமென்றே கிளையன்ட் டாக்குமென்டில் தப்பு வைத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். சில வீடியோக்களில் அப்படிச் சொல்கிறார்கள், வேலைக்கே உலை வைக்கும்.

தள்ளிப்போடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள்: ஆர்க்கிடெக்சர் டாக்குமென்ட் ஒன்று மூன்று வாரமாகத் தொடங்காமல் கிடக்கிறது என்று. அதுவும் இதே ஆள்தான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். தள்ளிப்போடுவதும் அந்தக் கவலைப் பக்கத்தோடு சேர்ந்தே காணப்படுகிறது. முதல் வரியே சரியாக இருக்க வேண்டும் என்றால் முதல் வரி வராது. வெள்ளிக்கிழமைக்குள் அரைகுறையாக ஒரு பக்கம் எழுதி, தலைப்பில் "வரைவு" என்று போட்டு, நீங்கள் நம்பும் ஒரு ஆளுக்கு அனுப்புங்கள்.

அடுத்தது கோட் ரிவ்யூ, அதாவது ஜூனியர் எழுதிய கோடைப் பார்த்துக் கருத்துச் சொல்வது. உங்கள் கமென்ட்களை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ஒன்று, மாற்றாவிட்டால் ஏதாவது உடையும் அல்லது ஆறு மாதம் கழித்து யாராவது அழுவார்கள். இன்னொன்று, நானாக இருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். இரண்டாவது குவியலை முழுதாக அழித்துவிடுங்கள். கை நடுங்கினால் "விருப்பம் இருந்தால் மட்டும்" என்று குறித்து இரண்டே இரண்டு வையுங்கள். ராத்திரி உட்கார்ந்து நீங்களே மாற்றி எழுதுவதால் ஜூனியர் எதுவும் கற்றுக்கொள்வதில்லை. காலையில் வந்து பார்க்கும்போது தன் வேலை அங்கே இல்லை என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிகிறது. நீங்கள் தரத்தைக் காப்பாற்றுவதாக நினைக்கிறீர்கள், அவருக்கு அது தினமும் விழும் ஃபெயில் மார்க்.

"போனா போகட்டும் விடு" என்பதுதான் இதற்கு அதிகம் கிடைக்கும் அறிவுரை. அது வேலை செய்யாது. விட முடிந்தால் எப்போதோ விட்டிருப்பீர்கள். யோகா, நடைப்பயிற்சி, வார இறுதியில் மகாபலிபுரம் எல்லாம் உடம்புக்கு நல்லது, செய்யுங்கள். ஆனால் திங்கட்கிழமை காலை அதே மெயிலின் முன்னால் அதே ஆள் உட்கார்ந்திருப்பார்.

நீங்களே செய்து பார்த்து ஒன்றிரண்டு மாதத்தில் அசையவில்லை என்றால், அல்லது தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, ராத்திரி கொஞ்சம் குடித்தால்தான் மூளை அடங்குகிறது என்ற நிலை வந்தால், ஆள் பார்த்துவிடுங்கள். மருந்து தேவையா என்று பார்க்க மனநல மருத்துவர். பேச்சு வழி சிகிச்சைக்கு மருத்துவ உளவியலாளர், அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். "லைஃப் கோச்" என்று போர்டு வைக்க எந்தப் பதிவும் வேண்டியதில்லை, அது ஞாபகம் இருக்கட்டும். சென்னையில் இன்னமும் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கிண்டல் செய்யும் வழக்கம் போகவில்லை. அங்கே 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனையை இத்தனை தலைமுறையாக வசவாகவே வைத்திருக்கிறோம். கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் இருந்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

எல்லோரும் என்னிடம் கச்சிதத்தை எதிர்பார்க்கிறார்கள், நான் எப்போதும் குறைகிறேன் என்ற நினைப்பு முற்றும்போது உயிரை விடும் எண்ணம் வரை போவதுண்டு. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை, ஆய்வுகளிலும் இந்தத் தொடர்பு தெரிகிறது. வெளியே பார்க்க எல்லாம் நன்றாக இருப்பதால் பக்கத்து சீட்டில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. அப்படி ஒரு எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் 14416-க்குப் பேசுங்கள். அரசு நடத்தும் டெலி மானஸ் எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பிலும் தன்னார்வலர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

மூன்றாவது கேள்வி, மேனேஜரிடம் சொல்லலாமா. எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது, அதனால் பாதுகாப்பான வழியைச் சொல்கிறேன். நோய்ப் பெயர் எதையும் சொல்ல வேண்டாம். "எனக்குப் பெர்ஃபெக்‌ஷனிசம் இருக்கிறது" என்றால் பாதிப் பேர் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு வேலை தருவார்கள். வேலை சம்பந்தமாக ஒரு ஏற்பாடு கேளுங்கள்: "அப்ரைசலில் பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கவில்லை என்று சொன்னீர்கள், அதைச் சரிசெய்ய விரும்புகிறேன். ஒவ்வொரு டெலிவரிக்கும் எது கட்டாயம், எது இருந்தால் நல்லது என்று தொடக்கத்திலேயே நீங்கள் சொல்லிவிட்டால் எனக்கு உதவியாக இருக்கும்." டிராயிங்கில் டாலரன்ஸ் எழுத வேண்டியவர் அவர்தான். எதைக் கேட்டாலும் "எல்லாமே கட்டாயம்" என்று சொல்லும் மேனேஜராக இருந்தால், அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். அப்போது பிரச்சினை முழுவதும் உங்கள் தலைக்குள் இல்லை என்று ஆகிறது, டீம் மாறுவதைப் பற்றி நீங்களும் யோசிக்கலாம்.

ஆனால் மேனேஜருக்கு முன்னால் அந்த ஜூனியரிடம் பேசுங்கள். நீளமாக மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால் அதையும் ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள், அதனால் டீ குடிக்கப் போகும்போது நின்ற நிலையில் சொல்லிவிடுங்கள்: "உன் கோடை நான் மாத்தி எழுதினது தப்பு. இனிமே கமென்ட் மட்டும் போடறேன், கை வைக்க மாட்டேன்." அவர் இருப்பதும் வேறு டீமுக்குப் போவதும் அவர் இஷ்டம். போய்விட்டாலும் அடுத்து வருபவரிடம் இதே விதிதான்.